நிறம் காத்த தென்னார்க்காட்டுக் கொல்லைகள்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சேவல் வளர்ப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தால் முதலில் விழுப்புரம் பக்கம் போக வேண்டியிருக்கிறது. 1993 செப்டம்பர் 30-இல் பிரியும் வரை இரண்டும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டம். கடலூர் அதன் தலைமையிடம். அந்தப் பழைய மாவட்டத்தின் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு எடுத்த நடுகல் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் சேவலின் உருவமும், அது எந்த ஊரின் எந்தச் சேரியைச் சேர்ந்தது என்று சொல்லும் வட்டெழுத்தும் உண்டு. அது மேற்சேரிக் கோழி. வடக்கே இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல் கீழ்ச்சேரிக் கோழிக்கானது. பொற்கொற்றி என்று அதன் பெயரையே பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு எடுக்கும் கல்லை ஒரு பறவைக்கும் எடுத்த மண் இது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் சேவலுக்குப் பெயரும் ஊரும் இருந்தன.

சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்ததும், யானையை எதிர்த்த கோழியின் கதை அவ்வூரோடு ஒட்டி நிற்பதும், முருகன் கொடியில் சேவல் பறப்பதும் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விரிக்க இங்கே இடமில்லை. நம் கண்காட்சி மலருக்கு உரிய பொருள் நிறம். சேவலின் நிறத்தை நாம் எப்போது பார்க்கத் தொடங்கினோம், எப்படிக் காத்தோம் என்பதே சொல்ல வேண்டிய கதை.

தொடக்கத்தில் நிறம் பார்த்தது அழகுக்காக இல்லை, வெற்றிக்காக. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற ஐந்து பறவைகளை வைத்து நாளும் நாழிகையும் கணிக்கும் பஞ்சபட்சி சாத்திரம் தமிழகத்தில் பரவியிருந்தது. வளர்பிறையில் ஒரு கணக்கு, தேய்பிறையில் வேறு கணக்கு. களத்துக்குச் சேவலை எடுத்துப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் சேவலின் நிறத்தோடு பொருத்தினார்கள். இன்ன கிழமையில் இன்ன நிறம் வெல்லும், இன்ன நிறம் இன்னதை எதிர்த்தால் நிற்காது என்று வாய்மொழியாகவும் ஏட்டிலும் ஒரு சாத்திரம் வளர்ந்தது. ஆந்திரத்தில் இதைக் குக்குட சாத்திரம் என்கிறார்கள். அந்தக் கணிப்பில் எவ்வளவு உண்மை என்ற விவாதம் நமக்கு வேண்டாம். அதனால் விளைந்த நன்மை பெரியது. நிறத்துக்குப் பெயர் வேண்டியிருந்தது; பெயரிட்ட நிறம் அடுத்த தலைமுறையிலும் பிசகாமல் வர வேண்டியிருந்தது. காகம், மயில், கீரி, செவலை, நூலான், பூதி, பொன்னிறம், வெள்ளை என்று இன்று நாம் கூண்டின் முன் நின்று சொல்லும் பெயர்களின் பின்னணியில் இத்தனை தலைமுறைகளின் தேவை நிற்கிறது. முழுக் கருப்பு காகம். கீரிப்பிள்ளையின் ரோமம்போல் பழுப்பும் சாம்பலும் பொடிப்பொடியாகக் கலந்தது கீரி, அதிலும் கருங்கீரி, செங்கீரி என்று பிரிவு. ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் சற்று மாறுவதையும் நாம் அறிவோம். பண்ருட்டியில் ஒரு பெயர் சொன்னால் காட்டுமன்னார்கோவிலில் வேறு சொல்வார்கள். பறவையைக் கையில் எடுத்துக் காட்டினால் இருவரும் ஒத்துப் போய்விடுவார்கள்.

நம் பகுதியைத் தொட்டுச் செல்லும் முதல் அறிவியல் பெயர் ஒரு பிரெஞ்சுக்காரருடையது. கடலூருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் உள்ள புதுச்சேரியில் பணியாற்றிய பியேர் சோனரா, தம் கிழக்கிந்தியப் பயண நூலை 1782-இல் வெளியிட்டார். தென்னிந்திய மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியை அதில் விவரித்து, வீட்டுக்கோழிகளின் மூதாதை இதுவே என்று வாதிட்டார். அந்தப் பறவையின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1868-இல், சார்லஸ் டார்வின் இந்தக் கருத்தை மறுத்து, மூதாதை செங்காட்டுக்கோழிதான் என்று எழுதினார். கருப்புச் சேவலோடு வெள்ளைப் பெட்டைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிறந்த சேவல்களில் காட்டுச்சேவலின் செந்நிறம் திரும்பி வந்ததை அவர் சான்றாகக் காட்டினார். இரண்டு தூய நிறங்களைக் கலந்தால் எங்கிருந்தோ செவலை எட்டிப் பார்க்கும் என்பது நம் கொல்லைகளில் பலரும் கண்டது. இந்த வழக்கில் 2008-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிலிருந்து வந்ததன்று, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று மரபணு ஆய்வு காட்டியது. உலகம் முழுதும் மேயும் மஞ்சள்கால் கோழிகள் எல்லாவற்றிலும் நம் தென்னாட்டு மலையின் இரத்தம் ஒரு துளி இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட கருத்து முழுதும் தவறிப் போகவில்லை.

நிறத்துக்கு எழுதப்பட்ட இலக்கணம் பிறந்தது இங்கிலாந்தில். அது பிறந்த விதத்தை நம்மவர்கள் கவனமாக அறிந்துகொள்ள வேண்டும். அங்கும் நம்மைப் போலவே நூற்றாண்டுகளாகச் சேவற்சண்டை நடந்தது. 1835-இல் சட்டம் அதைத் தடை செய்தது. பத்தே ஆண்டுகளில், 1845-இல், லண்டன் விலங்கியல் தோட்டத்தில் முதல் கோழிக் கண்காட்சி கூடியது. களத்தில் சேவல் விட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கூண்டில் சேவல் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். வென்றது எது என்று களத்தில் கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். சிறந்தது எது என்று கண்காட்சியில் கேட்டால் அதற்கு எழுத்தில் ஓர் அளவுகோல் வேண்டும். அதனால் 1865-இல் டெகெட்மையர் என்ற கோழி அறிஞர் முதல் தர நூலைத் தொகுத்தார். டார்வினுக்குக் கோழி, புறா பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்தவரும் அவர்தான். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் 1873-இல் பஃபலோ நகரில் சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டே தங்கள் தர நூலை வெளியிட்டனர். பிரிட்டனின் கோழிக் கழகம் 1877-இல் நிலைபெற்றது. கழுத்து இறகின் நடுக்கோடு எந்த நிறம், மார்பின் கருப்பில் சிவப்பு கலக்கலாமா, வால் இறகில் எவ்வளவு பச்சை மினுமினுப்பு வேண்டும் என்பதையெல்லாம் மதிப்பெண்ணாக்கிய நூல்கள் அவை.

அந்தக் கண்காட்சிக் கூண்டுகளில் நம் நாட்டுச் சேவலும் இருந்தது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறோம். இந்தியாவிலிருந்து கப்பலேறிய அசில் சேவல்களைக் கொண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓர் இனத்தை உருவாக்கினார்கள். இந்தியன் கேம் என்றே அதற்குப் பெயர். அமெரிக்காவில் கார்னிஷ் என்றார்கள். அகன்ற மார்பு கொண்ட அந்த இனமும் வெள்ளை பிளைமவுத் ராக்கும் சேர்ந்ததே இன்றைய பிராய்லர். உலகம் உண்ணும் கறிக்கோழியின் மார்புச் சதையில் அசிலின் பங்கு இருக்கிறது. ஐரோப்பியக் கோழி வளர்ப்போர் ஒரு வகை அசிலை மெட்ராஸ் என்ற பெயராலேயே அறிவார்கள். அமெரிக்கச் சங்கம் தன் தர நூலில் அசிலுக்கு இடம் தந்தது 1981-இல். கடல் கடந்தவர்கள் அதற்கு எழுத்தில் இலக்கணம் வகுப்பதற்கு முன்பே இங்கே வாய்மொழியில் அது இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் நிறத்தின் கணக்கு வெளிப்பட்டது. மெண்டலின் மரபு விதிகள் செடிக்கு மட்டுமன்றி விலங்குக்கும் பொருந்தும் என்று 1902-இல் காட்டிய வில்லியம் பேட்சன், அதற்கு எடுத்துக்கொண்ட உயிர்களில் கோழி முதன்மையானது. அவரும் அவரோடு பணியாற்றிய புன்னெட்டும் ஆண்டலூசியன் என்ற நீலச்சாம்பல் கோழியை ஆராய்ந்தார்கள். சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் எத்தனை தலைமுறை சேர்த்தாலும் குஞ்சுகள் முழுதும் சாம்பலாக வருவதில்லை. நான்கில் இரண்டு சாம்பல், ஒன்று கருப்பு, ஒன்று அழுக்கு வெள்ளை. அந்தக் கருப்பையும் வெள்ளையையும் சேர்த்தாலோ அத்தனையும் சாம்பல். கழித்துக் கட்டுகிற இரண்டையும் சேர்த்து வைத்தால் வேண்டியது கிடைக்கும் என்பது நிறம் வளர்ப்போருக்குக் கிடைத்த பெரிய பாடம். வெள்ளை லெகார்னின் வெள்ளை, மற்ற நிறங்களை அடக்கி ஆளும் வெள்ளை. வேறு சில இனங்களின் வெள்ளை அடங்கிப் போகும் வெள்ளை. இவ்விரு வெள்ளைகளையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுதும் வெள்ளை. பேரக்குஞ்சுகளில் பதினாறுக்கு மூன்று நிறத்தோடு பொரிந்து வளர்த்தவரைத் திகைக்க வைக்கும்.

பொன்னும் வெள்ளியும் பற்றிய கண்டுபிடிப்பு இன்னும் நமக்கு நெருக்கமானது. இறகில் பொன்னிறத்தை வெள்ளியாக்கும் காரணி சேவலில் இரண்டு இருக்கலாம்; பெட்டையில் ஒன்றுதான் இருக்க முடியும். பெட்டை தன்னிடமுள்ள அந்த ஒன்றை மகனுக்குத் தருமே தவிர மகளுக்குத் தராது. ஆகவே வெள்ளிப் பெட்டையைப் பொன்னிறச் சேவலோடு சேர்த்தால் ஆண்குஞ்சு எல்லாம் வெள்ளி, பெண்குஞ்சு எல்லாம் பொன். பொரித்த அன்றே பூஞ்சிறகைப் பார்த்துப் பிரித்துவிடலாம். முதல் உலகப் போரின் தீவனப் பஞ்சத்தில் ஆண்குஞ்சுகளை முன்கூட்டியே பிரிக்க இந்த வழியைப் புன்னெட்டு எடுத்துச் சொன்னார். 1929-இல் அவரும் மைக்கேல் பீஸும் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய கேம்பார், நிறத்தால் ஆண் பெண் தெரியும் முதல் இனம். சேவலைப் பார்த்து மயங்காதே, அதைப் பெற்ற பெட்டையைப் பார் என்று நம் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லி வந்ததை இந்த ஆய்வோடு சேர்த்துப் படித்தால் அவர்கள் அனுபவத்தின் ஆழம் விளங்கும். காரணியின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. மகனின் கழுத்துக்குத் தாயின் வழி வேண்டும் என்பது தெரியும்.

இதே காலத்தில் தமிழ்நாட்டுக் கோழிக்கு இரண்டு சோதனைகள் வந்தன. ஒன்று வெள்ளை. கிராம வறுமைக்கு முட்டை ஒரு தீர்வு என்ற நல்லெண்ணத்தோடு 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையமும், காட்பாடியில் அமெரிக்க ஆற்காடு மிஷனின் வேளாண் நிறுவனமும் வெளிநாட்டு உயரினக் கோழிகளைப் பரப்பின. முட்டை பெருகியது உண்மை. பல குடும்பங்கள் பிழைத்ததும் உண்மை. வெள்ளை லெகார்ன் சேவல் கலந்த கொல்லையில் நாட்டுப் பெட்டையின் நிறம் ஒரே தலைமுறையில் மறைந்துவிடும் என்பதும் உண்மை. கீரியும் நூலானும் வேண்டும் என்று பிடிவாதமாகத் தங்கள் பெட்டையைத் தனிப் பஞ்சாரத்தில் அடைத்தவர்கள் அன்று பிழைக்கத் தெரியாதவர்கள் என்று பேர் வாங்கியிருப்பார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தப் பஞ்சாரங்களிலிருந்து வந்தவைதான் இன்று கண்காட்சியில் நிற்கும் நிறங்கள்.

மற்றொன்று நோய். குமாவுன் மலையில் உள்ள ராணிகேத்தில் 1927-இல் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற நோய் நாடெங்கும் பரவியது. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்போம். மாலையில் மேய்ந்து வந்து அடைந்த கோழி காலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடக்கும். இரண்டு நாளில் தெருவே காலியாகும். ஒரு தெருவோடு ஒரு நிற வழியே அழிந்த காலம் அது. 1940-களில் முக்தேசுவரத்தில் இந்நோய்க்குத் தடுப்பூசி உருவாயிற்று. நம் பக்கத்து மாவட்டமான பழைய வட ஆற்காட்டின் ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் இன்றுவரை தமிழகத்துக் கோழிகளுக்கு மருந்து வழங்கி வருகிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் வந்த பிறகே வழி அறாமல் நிறம் காப்பது நிச்சயமாயிற்று. சேவல் வளர்ப்போர் நன்றி சொல்ல வேண்டிய முதல் இடம் அந்த மருந்துக் குப்பி.

1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. விலங்குகளை மோதவிடுவதும் அதற்கு இடம் தருவதும் குற்றமாயின. 2014 மே 7-இல் சல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்தச் சட்டத்தின் பொருளை மேலும் உறுதியாக்கியது. களத்தோடு வளர்ந்த குடும்பங்களுக்கு இது எளிதில் செரித்த மாற்றமன்று. பெருவிடைச் சேவலை எதற்கு வளர்ப்பது என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே எழுந்தது. கறிக்கு என்றால் நாமக்கல்லும் பல்லடமும் பெருக்கிய பிராய்லர் மலிவு. முட்டைக்கு என்றால் பண்ணைக்கோழி போதும். லாபக் கணக்கில் அன்றே முடிந்திருக்க வேண்டிய கதை இது. முடியாமல் தொடர்ந்ததற்கு வீட்டுப் பெண்கள் காரணம் என்று இம்மலரில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். சேவலின் பெயர் வெளியே போகும். பெட்டையை அடை வைத்து, 21 நாள் காத்து, பருந்துக்கும் கீரிப்பிள்ளைக்கும் குஞ்சைத் தப்புவித்து, கேழ்வரகும் உடைத்த கம்பும் போட்டு வளர்த்தவர்கள் அவர்கள். எந்தப் பெட்டையின் முட்டை எந்தப் பெட்டையின் கீழ் இருக்கிறது என்று கரிக்கோடு போட்டு நினைவில் வைத்தவர்களும் அவர்களே. நம் இனப் பதிவேடு நெடுங்காலம் அவர்கள் நினைவில்தான் இருந்தது.

இங்கிலாந்தில் 1835-க்குப் பின் நடந்தது தமிழகத்தில் மெல்ல நடந்தது. சண்டைக் குணத்துக்குப் பதில் வடிவத்தையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் ஒரு புதிய பறவை தேறியது. கிளிமூக்கு விசிறிவால் சேவல் என்று இன்று தமிழகம் முழுதும் அறியும் பறவை அது. கிளியினுடையதைப் போல் குறுகி வளைந்த அலகு, வெண்மை படர்ந்த கண், நிமிர்ந்த கழுத்து, தலையோடு ஒட்டிய சிறு பூ, பின்னால் விரிந்து நீண்டு தரையைத் தொடும் வால். களத்தில் இந்த வால் பாரம். கண்காட்சியில் இதுவே மகுடம். ஜப்பானியர் தங்கள் நீள்வால் சேவலான ஒனகதோரியை 1952-இல் நாட்டின் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காக்கிறார்கள். நம் விசிறிவாலுக்கு அப்படி ஓர் அரசாணை கிடையாது. வளர்த்தவர் அக்கறை ஒன்றே அதைக் காத்தது.

இந்தப் பறவையில் நிறம் நிறுத்துவது எவ்வளவு பாடு என்பது வளர்ப்போருக்குத் தெரியும். மலரைப் படிக்கும் இளைஞர்களுக்காகச் சிறிது எழுதுகிறோம். குஞ்சின் பூஞ்சிறகு ஒரு நிறம், அது உதிர்ந்து முளைக்கும் இளஞ்சிறகு ஒரு நிறம். சேவலின் மெய்யான நிறம் கழுத்திலும் முதுகிலும் ஊசி இறகுகள் இறங்கிய பிறகே தெரியும். அதற்கு முன் கழிப்பவர் நல்ல பறவையை விற்றுவிடுவார். காகத்தின் கருப்பில் வண்டின் முதுகுபோல் பச்சை மினுங்க வேண்டும். அந்தப் பச்சை ஒரு சாயமன்று. இறகின் நுண்ணிழைகளில் கருநிறமி அடுக்கடுக்காக அமைந்து ஒளியைத் திருப்புவதால் தோன்றுவது. பேனும் செள்ளும் இறகைக் கெடுத்தால் அந்த மினுக்கு போய்விடும். காகச் சேவலின் கழுத்தில் ஓரிரு செவ்விறகு கசிந்தால் தாய்வழியிலோ தந்தைவழியிலோ செவலை ஒளிந்திருக்கிறது என்று பொருள். அந்த இறகைப் பிடுங்கிவிட்டுக் கூண்டில் வைப்பது நம் மரபன்று. பிடுங்கினாலும் சில வாரங்களில் அதே இறகு அதே நிறத்தில் முளைக்கும்; மரபை மறைக்க முடியாது. கண்காட்சிக்கு நிற்கும் சேவலைக் கடும் வெயிலில் விடக்கூடாது. வெள்ளையில் மஞ்சள் ஏறும், கருப்பு பழுப்பாகும். வெள்ளைச் சேவலுக்கு மக்காச்சோளத்தைக் குறைப்பதும் அதற்காகத்தான். வால் ஒடியாமல் இருக்க உயரமான தாங்குகட்டையும் அகலமான கூண்டும் வேண்டும். இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் மாதங்களில் புரதம் குறைந்தால் புது இறகில் குறுக்குக் கோடு விழும். ஓர் ஆண்டு உழைப்பு அந்தக் கோட்டில் போய்விடும்.

மேனாட்டுக் கண்காட்சியாளர் சில இனங்களில் சேவலுக்கு ஒரு குடும்பம், பெட்டைக்கு ஒரு குடும்பம் என்று இரட்டை வழி வைப்பார்கள். நல்ல சேவல் தரும் வழியில் பெட்டை மங்கும், நல்ல பெட்டை தரும் வழியில் சேவல் மங்கும் என்பதால் அப்படி. அந்த வழக்கத்தைவிட, ஒரே சோடியில் இரண்டையும் தேடும் நம் வழக்கம் கடினமானது. என் எண்ணத்தில் உயர்ந்ததும் அதுவே.

2004 டிசம்பர் மாதத்தை நம் மாவட்டம் மறக்காது. அந்த மாதம் 9-ஆம் நாள் கோழியின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. பறவைகளில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது அது; படிக்க எடுத்துக்கொண்டது ஒரு செங்காட்டுக்கோழிப் பெட்டை. அதே மாதம் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை கரையோரத்தை வாரிச் சென்றது. மனித உயிர்கள் போன துயரத்தில் கோழியின் இழப்பை எண்ணியவர் எவரும் இல்லை, எண்ணியிருக்கவும் கூடாது. மீண்டு வீடு கட்டிய கரையோரக் குடும்பங்கள் உள்ளூர் உறவுகளிடமிருந்து சோடி வாங்கி மறுபடி வழி தொடங்கினார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளையும் பலா மரங்களையும் சாய்த்தபோது, அந்த மர நிழலில் மேய்ந்த கோழிகளுக்கும் கூரை போயிற்று. 2015 பெருவெள்ளத்தில் சேவலைப் பரணிலும் மாடியிலும் ஏற்றிக் காப்பாற்றியவர்கள் உண்டு. கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் கொள்ளிடமும் சூழ்ந்த மாவட்டத்தில் இது ஐப்பசி, கார்த்திகை தோறும் வரும் அச்சம். நல்ல சேவல்களை எல்லாம் ஒரே வீட்டில் வைக்காமல் அண்ணன் தம்பி வீடுகளில் பிரித்து வைக்கும் பழக்கம் வெள்ளம் கற்றுத் தந்தது.

இருபத்தோராம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் காற்று நம் பக்கம் திரும்பியது. 2011 பொங்கலுக்கு வந்த ஆடுகளம் திரைப்படம் ஆறு தேசிய விருதுகளைப் பெற்று, சேவல் வளர்ப்போரின் வாழ்வை நாடறியச் செய்தது. 2017 தையில் சல்லிக்கட்டுக்காக எழுந்த இளைஞர் கூட்டம் நாட்டு மாட்டை மட்டும் பேசவில்லை. நாட்டு நாய், நாட்டுக்கோழி என்று எல்லாவற்றையும் தேடத் தொடங்கியது. கைப்பேசி வந்த பிறகு சிதம்பரத்தில் பொரித்த கீரிக் குஞ்சைச் சேலத்தில் இருப்பவர் அன்றே பார்க்கிறார். திண்டுக்கல் முதலிய ஊர்களில் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்கென்றே கண்காட்சிகள் கூடின. கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று அண்டை மாநிலத்தாரும் வந்தார்கள். ஆயிரங்களில் பேசிய விலை லட்சத்தைத் தொட்டது. ஒரு காலத்தில் காவலர் வண்டியைக் கண்டு கலைந்த கூட்டம், குடும்பத்தோடு வந்து நுழைவுச்சீட்டு வாங்கி, மேடையில் கோப்பை பெறும் கூட்டமாயிற்று. கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபணு வள மையத்தின் பதிவு பெற்ற கோழி இனங்களில் அசிலும் இருக்கிறது. 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் பெருவிடை, சிறுவிடைக் கோழிகளை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

2020-இன் ஊரடங்கில் கண்காட்சிகள் நின்றன. நவம்பரில் நிவர் புயலும் வந்தது. வீட்டிலேயே இருந்த அந்த மாதங்களில் கொல்லைகளில் கூண்டு பெருகியது என்பது நல்ல செய்தி. இன்று கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக் கண்காட்சித் திடல்களில் தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே கூண்டின் முன் நிற்கிறார்கள்.

இம்மலரைப் படிக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சேவலின் காலில் வளையமிட்டு, அதன் எண், பொரித்த நாள், தாய் தந்தையின் நிறம், போட்ட தடுப்பூசி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்கள் சொல்லும் நிறப் பெயர்களையும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதிச் சேருங்கள். அடுத்த கண்காட்சிக்குச் சேவலைக் கொண்டுவரும்போது அந்த நோட்டையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.